கட்டம் போட்டு விடுவிக்கும் புதிர்கள்: எங்கே சறுக்குகிறது?

குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவுப் பகுதியில் வருபவை. ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கி அதிகாரி முதல்நிலைத் தேர்விலோ 20 நிமிடத்தில் 35 ரீசனிங் கேள்விகள். தப்பான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண்ணும் போய்விடும். ஒரே புதிரை வைத்து நான்கைந்து கேள்வி கேட்பார்கள் என்பதால், கட்டத்தில் (பொருந்தும் ஜோடிக்கு ✓, பொருந்தாததற்கு ✗) ஒரு ✓ இடம் மாறி விழுந்தால் அத்தனையும் சேர்ந்து கவிழும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தத் தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்குப் பழக்கமான ஊர்களையே வைத்து ஒரு புதிரைப் பார்ப்போம். சறுக்கல்கள் பெரும்பாலும் இரண்டே வகைதான்: குறிப்பு சொன்னதை எழுதாமல் விடுவது, சொல்லாததை எழுதிவிடுவது.

ஒரு சந்தைக்குச் செல்வி, முருகன், கோவிந்தன், லட்சுமி என நான்கு பேர் வருகிறார்கள். ஊர்கள் அரூர், பாலக்கோடு, ஓசூர், காவேரிப்பட்டணம். சரக்கு புளி, தக்காளி, ரோஜா, மாம்பழம். ஆளுக்கு ஓர் ஊர், ஆளுக்கு ஒரு சரக்கு. எதுவும் இருவருக்குப் பொது இல்லை.

1. செல்விக்கு அரூரும் இல்லை, ஓசூரும் இல்லை.
2. காவேரிப்பட்டணத்துக்காரர் விற்பது ரோஜா. ஓசூர்க்காரர் விற்பது தக்காளி.
3. முருகன் விற்பது புளி.
4. லட்சுமி மாம்பழம் விற்கவில்லை. அவர் ஊர் ஓசூரும் இல்லை.

முதல் தவறு கட்டம் வரையும்போதே நடக்கிறது. ஆள்–ஊர், ஆள்–சரக்கு என்று இரண்டு பெட்டி மட்டும் போட்டுவிட்டு ஊர்–சரக்குப் பெட்டியை விட்டுவிடுகிறார்கள். அப்போது 2-ஆம் குறிப்பை எழுத இடமே இல்லை. அது தலைக்குள்ளேயே கிடந்து, நடுவில் மறந்துபோகும். மூன்று பெட்டியும் வேண்டும்; பெட்டிக்கு 4 × 4 = 16 சிறு கட்டம் வீதம் மொத்தம் 48.

அடுத்தது, ✓ போட்டதும் கையை எடுத்துவிடுவது. முருகன்–புளிக்கு ✓ போட்டால் அதே வரிசையில் மூன்று ✗, அதே நிரலில் மூன்று ✗, ஆக ஆறு ✗ கூடவே விழ வேண்டும். ஐந்து பேர் புதிரில் அது எட்டாகும். இதைச் சலிப்பான வேலை என்று தள்ளிப்போடுபவர்கள்தான் பாதியில் ‘குறிப்பு போதவில்லை’ என்று நிற்கிறார்கள். இந்த வகைப் புதிரில் விடையை நகர்த்திக்கொண்டு போவது ✗ குறிகளே.

இதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. பெரும்பாலானவர்கள் தேங்குவது அங்கேதான்: ஒரு பெட்டியில் தெரிந்ததை இன்னொரு பெட்டிக்குக் கடத்தாமல் விடுவது. லட்சுமிக்கு ஓசூர் இல்லை; ஓசூர்க்காரர்தான் தக்காளி விற்கிறார். அப்படியானால் லட்சுமிக்குத் தக்காளியும் இல்லை. எந்தக் குறிப்பும் இதை நேராகச் சொல்லவில்லை, ஆனால் இந்த ஒரு ✗ விழுந்ததும் புதிர் திறந்துகொள்கிறது. லட்சுமிக்கு மாம்பழம் இல்லை, புளி முருகனுடையது, தக்காளியும் போயிற்று, மிஞ்சியது ரோஜா. ரோஜா என்றால் ஊர் காவேரிப்பட்டணம். அது போனதும் செல்விக்குப் பாலக்கோடு மட்டுமே மிச்சம். புளி விற்கும் முருகனுக்கு ஓசூர் ஆகாது, ஆகவே அரூர். கோவிந்தனுக்கு ஓசூரும் தக்காளியும். செல்விக்கு மாம்பழம். ஒவ்வொரு ✓ விழுந்ததும் ‘இந்த ஆளின் ✗ எல்லாம் இந்த ஊருக்கும் பொருந்துமே’ என்று இரு பக்கமும் ஒரு முறை பார்த்தால் போதும்.

விடையைக் கவனியுங்கள்: ஓசூரில் தக்காளி, பாலக்கோட்டில் மாம்பழம். ஓசூர் என்றால் ரோஜா, பாலக்கோடு என்றால் தக்காளி மண்டி என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த நினைப்பில் கை தானாகவே ✓ போட்டுவிடும். ‘லட்சுமிதான் பூ விற்பார், முருகன்தான் மூட்டை தூக்குவார்’ என்பதும் அதே ரகம். புதிருக்குள் குறிப்பு சொன்னது மட்டுமே உண்மை. ஒரு ✓ போடும்போது அது எந்த எண் குறிப்பிலிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை என்றால் அதை அழித்துவிடுங்கள்.

குறிப்பைத் திருப்பிப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ‘ஓசூர்க்காரர் தக்காளி விற்கிறார்’ என்பதை ‘தக்காளி விற்பவர் ஓசூர்க்காரர்’ என்று மேலே திருப்பிக்கொண்டோம். எதுவும் இருவருக்குப் பொது இல்லை என்று சொல்லியிருந்ததால்தான் அது செல்லும். அந்த வரி இல்லாத புதிரில் அரூர்க்காரரும் தக்காளி விற்கலாம். ‘மழை பெய்தால் கடை மூடியிருக்கும்’ என்பதிலிருந்து ‘கடை மூடியிருக்கிறது, ஆகவே மழை’ என்று போகக்கூடாது. ‘கடை திறந்திருக்கிறது, ஆகவே மழை இல்லை’ என்று போகலாம்.

நாள் கணக்கு வரும் புதிர்களில் ‘இரண்டு நாள் கழித்து’, ‘இடையில் இரண்டு நாள்’ இரண்டையும் குழப்பாதீர்கள். திங்களிலிருந்து முதலாவது புதன், இரண்டாவது வியாழன். ‘செல்விக்குப் பிறகு முருகன் வந்தார்’ என்றால் மறுநாளே வந்தார் என்று பொருள் இல்லை. ஆனாலும் இரண்டு ✗ நிச்சயம்: முருகனுக்கு முதல் நாள் இல்லை, செல்விக்குக் கடைசி நாள் இல்லை. உட்காரும் புதிர்களில் முதலில் முகம் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். வட்டமாக மையத்தைப் பார்த்து உட்கார்ந்தால் இடது பக்கம் கடிகாரச் சுற்று. வெளியே பார்த்தால் நேர் எதிர். வடக்கு பார்த்த வரிசையில் இடது மேற்கு, தெற்கு பார்த்தால் கிழக்கு.

கடைசியாக ஊகம். ஊகிப்பது குற்றமில்லை, ஊகித்ததை மறந்துபோவதுதான் ஆபத்து. இரண்டே வாய்ப்பு மிஞ்சிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இங்கே செல்வியின் ஊர் அப்படிப்பட்டது: பாலக்கோடு அல்லது காவேரிப்பட்டணம். பென்சிலில், வேறு குறியால், காவேரிப்பட்டணம் என்று வைத்துப் பாருங்கள். ரோஜா செல்விக்குப் போகிறது. லட்சுமிக்கு விற்க எந்தச் சரக்கும் இல்லை. முரண்பட்டது, ஆகவே பாலக்கோடுதான். இது சுத்தமான நிரூபணம். ஆனால் பாலக்கோட்டை முதலில் வைத்துப் பார்த்து, ‘நான்கு படி போயும் முரண் வரவில்லை, ஆகவே சரி’ என்று முடிவுகட்டினால் அது நிரூபணம் ஆகாது. முரண் ஐந்தாவது படியில் காத்திருக்கலாம். கட்டம் முழுவதும் நிரம்பி எல்லாக் குறிப்பும் பொருந்தினால் மட்டுமே ஊகத்தை நம்பலாம், அதுவும் விடை ஒன்றே உள்ள புதிரில்தான்.

பொருந்துகிறதா என்று பார்க்கும்போது கட்டத்தைப் பார்க்காதீர்கள். விடையை ‘செல்வி, பாலக்கோடு, மாம்பழம்’ என்று நான்கு வரியாக எழுதி, குறிப்பு 1-லிருந்து ஒவ்வொன்றாக அதோடு ஒப்பிடுங்கள். ஒரு குறிப்பில் இரண்டு செய்தி இருந்தால் இரண்டையும் தனித்தனியே டிக் செய்யுங்கள். 4-ஆம் குறிப்பு போன்றவற்றின் பின்பாதிதான் அடிக்கடி விட்டுப்போவது.