பிள்ளை வாய் திறந்த பிறகு நாம் கெடுப்பவை

இலங்கையில், கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம். சிறுவர் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வந்த தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி. ஒருவர் பிள்ளையாக நடிக்க வேண்டும், மற்றவர் பிள்ளை நம்பிப் பேசும் பெரியவராக. பிள்ளைக்குக் கொடுத்த வசனம் ஒன்றே ஒன்று: "மிஸ், வான் அங்கிளோட போக எனக்கு விருப்பமில்ல." எதிரே இருந்தவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "ஏன், என்ன செய்தவர்? எங்க தொட்டவர்? எத்தனை தரம்? அம்மாட்ட ஏன் சொல்லல்ல?" அடுத்த சோடியும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். இந்த வேலைக்கு வந்த புதிதில் நாங்களும் இப்படித்தான் கேட்டோம் என்பதால் எனக்கு ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

பிள்ளையைத் தனியே விடாதீர்கள், கையில் போனைக் கொடுக்காதீர்கள் என்ற வகைப் புத்திமதிகள் இங்கே இல்லை. அவை பாடசாலைச் சுவரிலேயே ஒட்டியிருக்கின்றன. அக்கறையுள்ளவர்கள் செய்யும் பிழைகள்தான் இவை. சொல்லும் சம்பவங்களில் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தெரியாத ஆளைத் தேடுவது

பெரும்பாலும் ஆள் தெரிந்தவர்தான். ரியூசன் சேர், மேல்மாடி அண்ணா, சமய வகுப்பு எடுப்பவர், அம்மா வெளிநாட்டில் இருக்கும்போது வீட்டில் நிற்கும் உறவினர். "தெரியாத ஆட்களோட பேசாதே" என்று மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளைக்கு, தெரிந்தவர் எல்லை மீறும்போது அது எந்தக் கணக்கில் சேரும் என்று புரிவதில்லை. "கெட்ட தொடுதல்" பாடமும் பாதிப் பாடம்தான். பழக்கிப் பழக்கி நெருங்குகிறவர் முதலில் சொக்லேட்டும் கிச்சுகிச்சும்தான் கொண்டு வருவார், பிள்ளைக்கு அது கெட்டதாகத் தெரியாது. "அம்மாவுக்குச் சொல்லாதே என்று யார் சொன்னாலும், அதை முதலில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்" என்பதைப் பழக்குங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கும்.

வறுமையைப் புறக்கணிப்பு என்று எழுதுவது

2022 பொருளாதார நெருக்கடியின்போது வெறுவயிற்றோடு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளின் பெற்றோர் அவர்களைப் புறக்கணிக்கவில்லை, அவர்களிடம் காசு இருக்கவில்லை. கிராண்ட்பாஸ் பக்கத்து நெருக்கமான தோட்டக் குடியிருப்பொன்றில் ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த ஒரு தொண்டர், "பிள்ளையை ஹோமில் போட வேண்டும்" என்று அறிக்கை எழுதினார். அந்தத் தாய் விடியற்காலையில் இடியப்பம் அவித்து விற்று, பிள்ளையின் தடுப்பூசி அட்டையை ஒரு கோடு விடாமல் நிரப்பி வைத்திருந்தவர். அதே மாதம் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றில், ஆஸ்துமாவுக்குத் தொடர்ந்து கொடுக்க வேண்டிய பம்பை வாங்காமல், பிள்ளையை வேலைக்காரப் பெண்ணோடும் டப்லட்டோடும் விட்டிருந்த குடும்பம் எந்த அறிக்கையிலும் வரவில்லை. அங்கே கதவைத் தட்ட எங்கள் ஆட்களுக்குக் கூச்சம்.

இல்லாதவருக்கு உதவி தேவை. பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் அதற்கு வழி உண்டு. இருந்தும் செய்யாதவர் வேறு வகை. பொறுப்பிலுள்ள ஒருவர் வேண்டுமென்றே பிள்ளையைத் தாக்குவதும், புறக்கணிப்பதும், கைவிடுவதும் 1995 திருத்தத்தோடு தண்டனைச் சட்டக்கோவையில் சேர்ந்த 308அ பிரிவின்படி குற்றம். 2 முதல் 10 ஆண்டு வரை சிறை. ஹோம் என்ற சிறுவர் இல்லம் கடைசிப் படி. அதைத் தீர்மானிப்பதும் நீதிமன்றமும் நன்னடத்தை உத்தியோகத்தரும்தான். வீட்டைப் பார்க்கப் போன நீங்களோ நானோ அல்ல.

நாமே விசாரணை நடத்துவது

இதைத்தான் நீளமாக எழுதப்போகிறேன். நல்ல மனத்தோடு செய்யப்படும் பிழை என்பதால் இதை யாரும் நிறுத்துவதில்லை.

வட கொழும்பில் ஒரு பாடசாலை. தரம் 3 பிள்ளை ஒருத்தி காலையில் வகுப்பாசிரியையிடம் வான் சாரதியைப் பற்றி ஒரு வசனம் சொன்னாள். ஆசிரியை பதறிப்போய்ப் பகுதித் தலைவியிடம் கூட்டிப்போனார். அவர் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். பிறகு உளவளத்துணை ஆசிரியை. பிறகு அதிபரின் அறை, அங்கே பிரதி அதிபரும் இன்னும் இரண்டு பேரும். பகலில் அம்மா வந்தார். முதுகில் ஒன்று வைத்துவிட்டுத்தான், "சொல்லுடி, என்ன நடந்திச்சு" என்று கேட்டார். பின்னேரம் பெரியம்மா. இரவு மாமா. மாமாவுக்குக் கோபம் தலைக்கேறி, பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாரதியின் வீட்டு வாசலுக்கே போய், "இவன்தானே? இவன்ட முகத்துக்கு நேர சொல்லு" என்றார்.

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு "இல்ல" என்றாள்.

அடுத்த நாள் பொலிஸுக்குப் போகும்போது பிள்ளையிடம் பல கதைகள் சேர்ந்திருந்தன. சட்டை ஓரிடத்தில் நீலம், இன்னோரிடத்தில் வெள்ளை. ஒருவரிடம் ஒரு தரம், மற்றவரிடம் நிறையத் தரம். பகுதித் தலைவி "இங்க தொட்டாரா?" என்று கேட்டதற்குத் தலையாட்டியது, உளவளத்துணை ஆசிரியையிடம் பிள்ளை தானாகச் சொன்னதுபோல வந்துவிட்டது. சாரதிக்கோ ஓர் இரவு முழுக்கக் கிடைத்தது, போனில் இருந்தவற்றை அழிக்கவும், வானில் வரும் மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒரு சுற்றுப் போய் வரவும். வழக்கு சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அதற்குள் குடும்பம் வீடு மாறிப் போய்விட்டது.

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. ஒரே கேள்வியைப் பெரியவர் திரும்பக் கேட்டால், முதல் பதில் பிழையாக்கும் என்று சின்னப் பிள்ளை நினைக்கும். வகுப்பில் அப்படித்தானே பழக்கியிருக்கிறோம். ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விக்குப் பெரியவரின் முகத்தைப் பார்த்துப் பதில் வரும். "எத்தனை மணிக்கு, எத்தனை தரம்" என்பதெல்லாம் ஏழெட்டு வயதில் ஊகம்தான். "ஏன் கத்தல்ல?" என்பது கேள்வியே இல்லை. பிள்ளையின் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும்.

இதற்கென்றே நாட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பிள்ளையோடு நடத்தும் முதல் நேர்காணலைக் காணொளியில் பதிவு செய்து நீதிமன்றத்தில் சான்றாக எடுக்க 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அந்தப் பதிவைச் செய்கிறது. குறுக்கு விசாரணைக்குப் பிள்ளை வரத்தான் வேண்டும், ஆனாலும் நடந்ததை முதலிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லும் பாரம் குறைகிறது. அந்தப் பதிவு நிற்க வேண்டுமானால், அதற்கு முன்னால் பிள்ளையை யாரும் துருவித் துருவிக் கேட்டிருக்கக்கூடாது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் தேடுவதே இதைத்தான்: இதற்கு முன் யாரிடம் சொன்னாய், என்ன சொன்னாய், யார் சொல்லித் தந்தது?

அப்படியென்றால் ஒன்றுமே கேட்கக்கூடாதா என்று பயிற்சியில் எப்போதும் ஒருவர் கேட்பார். இன்றிரவு பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குக் கேளுங்கள். ஆள் யார், இன்றைக்கும் சந்திப்பாரா, உடம்பில் எங்காவது நோகிறதா. மற்றதெல்லாம் "பிறகு?" என்ற ஒரு சொல்லோடு நிற்கட்டும். பிள்ளை நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். "நீ சொன்னது நல்லது, இது உன்ர பிழை இல்ல" என்று சொல்லுங்கள், முகத்தை அதிரவிடாமல். பிள்ளை போன உடனே எழுதுங்கள்: திகதி, நேரம், யார் இருந்தார்கள், நீங்கள் கேட்டது என்ன, பிள்ளை சொன்னது என்ன. பிள்ளை "பூனை விளையாட்டு" என்றால் "பூனை விளையாட்டு" என்றே எழுதுங்கள். அதைத் திருத்தி "துஷ்பிரயோகம்" என்று போட்டால் அது உங்கள் வாக்குமூலமாகிவிடும்.

அதற்குப் பிறகு 1929. அதிகார சபையின் இலவச இலக்கம், 24 மணித்தியாலமும் மும்மொழியிலும் இயங்குவது. பெயர் சொல்லாமலும் முறைப்பாடு செய்யலாம். நிரூபித்துவிட்டுத்தான் அழைக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நியாயமான சந்தேகம் போதும். அதிபர் "முதல்ல நாங்க உள்ளுக்குள்ள பார்ப்பம்" என்றால், அவர் பார்க்கப்போவது பாடசாலையின் பெயரைத்தான்.

போனில் பிள்ளையைப் பேச வைத்து எடுத்த வீடியோக்கள் இன்னொரு தலைவலி. ஆதாரத்துக்காக எடுத்தேன் என்பார்கள். எடுத்தது இரவுக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் தாண்டி ஊர்க் குழுவுக்குப் போய்விடும். பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி தனிக் குற்றம், 2 ஆண்டு வரை சிறை. அதைப் பரப்பிய மாமிக்கு இது தெரியாது.

"யாருக்கும் சொல்ல மாட்டேன்"

சொல்லத்தான் போகிறீர்கள். சத்தியம் செய்யாதீர்கள்.

குளிப்பாட்டி, உடுப்பைத் தோய்ப்பது

தாய்க்கு முதலில் தோன்றுவதே இதுதான், கோபித்துப் பயனில்லை. ஆனாலும் அண்மையில் நடந்ததென்றால் குளிக்கவைக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். உடுப்பைக் கடதாசிப் பையில் வையுங்கள். பொலித்தீனில் ஈரம் தேங்கிக் கெட்டுவிடும். கொழும்பில் பிள்ளைகளென்றால் பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கியாக வேண்டும். வெட்கப்பட்டுக் கழிக்கும் மூன்று நாளில் அந்தக் கதவு மூடிவிடும். பொலிஸ் முறைப்பாடு இல்லாவிட்டாலும் பிள்ளையை நேராக வைத்தியசாலைக்குக் கொண்டு போகலாம்.

காயமில்லை, ஆகவே நடக்கவில்லை

பெரும்பாலான பிள்ளைகளின் உடலில் பரிசோதனையின்போது ஒன்றும் தெரியாது. காயமில்லாத அறிக்கை, ஒன்றும் நடக்கவில்லை என்ற சான்றிதழ் ஆகாது.

ஆம்பிளைப் பிள்ளைதானே

நம் சட்டத்தில் கற்பழிப்பு என்ற குற்றம் பெண்ணுக்கு எதிரானதாகவே வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆண்பிள்ளைக்கு நடப்பது பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற 365ஆ பிரிவில் வரும். அதுவும் பாரிய குற்றமே. இதைத் தெரியாத சிலர், முறைப்பாடு சொல்ல வந்தவர்களை வாசலிலேயே "பொடியன் தானே, மறந்துடுவான்" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

அடிக்காமல் வளர்க்க முடியாது

பாடசாலையில் அடிப்பதைக் கல்வி அமைச்சு 2005 சுற்றறிக்கையிலேயே தடுத்துவிட்டது. ஆசிரியர் ஒருவர் அறைந்ததில் மாணவரின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அது சித்திரவதையையும் கொடூரமாக நடத்துவதையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. பெற்றோர் கூட்டத்தில் "நல்லா அடிங்க சேர்" என்று சொல்லும் அப்பாக்கள் இதையும் கேட்டு வைக்கட்டும்.

பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பது

கோயில் தலைவர், சங்கச் செயலாளர், இரண்டு பக்கத்து மாமாமார், ஒரு தொகை காசு, ஒரு மன்னிப்பு. சில இடங்களில் வயதுக்கு வந்த பெண்பிள்ளையைக் குற்றம் செய்தவனுக்கே கட்டிக் கொடுக்கும் யோசனையும் வரும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சம்மதம் சட்டத்தில் சம்மதமே இல்லை. முறைப்பாட்டை மீளப்பெறச் சொல்லி மிரட்டுவது, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். இப்படிப் பேசித் தீர்த்த ஆள் மறுபடி அதே ஒழுங்கையில் ரியூசன் வகுப்புத் தொடங்கியதைப் பார்த்தவள் நான்.

வீட்டு வேலைக்கு வந்த பிள்ளைகளின் விஷயத்தில் இந்தப் பேச்சுவார்த்தை இன்னும் சுலபம். பெற்றோர் மலையகத்தில், பிள்ளை கொழும்பில், நடுவில் ஒரு தரகர். வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021 முதல் 16. அதே ஆண்டு ஜூலையில் மலையகத்திலிருந்து கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்கு வந்த சிறுமி தீக்காயங்களோடு தேசிய வைத்தியசாலையில் இறந்த பிறகுதான் பலர் பக்கத்து வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்தார்கள். மதிலுக்கு அப்பால் பாடசாலை நேரத்தில் உடுப்புத் தோய்க்கும் பிள்ளையைக் கண்டால், அதுவும் 1929 க்குச் சொல்ல வேண்டிய விஷயம்தான்.

வாசிக்க முடியாத வாக்குமூலத்தில் கையெழுத்து

கொழும்புப் பொலிஸ் நிலையங்களில் வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படும். தமிழ் மட்டும் தெரிந்த தாய் தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைப்பார். மொழிபெயர்க்க நிற்பவர் யாரென்றும் பார்ப்பதில்லை. ஒருமுறை அப்படி நின்றவர் குற்றம் சாட்டப்பட்டவரின் மைத்துனர். இன்னொருமுறை அந்தப் பிள்ளையின் அண்ணனே, பதினொரு வயது. தங்கைக்கு நடந்ததை அவன் வாயால் சிங்களத்தில் சொல்ல வைத்திருந்தார்கள்.

தமிழும் அரசகரும மொழி. தமிழில் முறைப்பாடு சொல்ல உரிமை உண்டு. அந்த நிலையத்தில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லையென்றால் பொலிஸின் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்துக்கு அறிவித்து ஆளைக் கேளுங்கள், 1929 இலும் சொல்லுங்கள். குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். திரும்பி வரும்போது முறைப்பாட்டு இலக்கம், திகதி, எழுதிய உத்தியோகத்தரின் பெயர் மூன்றும் உங்கள் கொப்பியில் இருக்கட்டும். அடுத்த கிழமை போகும்போது முதலில் கேட்பது அந்த இலக்கத்தைத்தான்.