ஐஎஸ்ஓ ஓடும்போது மீடியா சர்வர் நின்றுபோகிறதா? எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சரிசெய்யும் முறை

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் பெரும்பாலும் ஸ்டுடியோகாரர் கொடுத்த டிவிடியில்தான் இருக்கின்றன. அந்த டிவிடியை அப்படியே ஐஎஸ்ஓ கோப்பாக (டிஸ்க்கின் முழு நகலாக) எடுத்து, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளைப் போட்டு, ஹால் டிவியில் பார்க்க உட்கார்ந்தால், தாலி கட்டும் நேரத்தில் படம் உறைந்து நிற்கும். இல்லாவிட்டால் ஆரம்பிக்கும் முன்பே ‘பிளேபேக் எரர்’ என்று வெளியே தள்ளிவிடும்.

உடனே பலரும் சர்வரை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள். அதில் தீர்வது அபூர்வம். படம் எப்போது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

இங்கே சொல்வது விண்டோஸ் 10 அல்லது 11, ஜெல்லிஃபின், யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் என்ற அமைப்புக்கு. லினக்ஸில் மாறும் இடத்தை அங்கங்கே சொல்கிறோம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம்: இது உங்கள் வீட்டு விசேஷ டிவிடிகளுக்கான முறை. கடையில் வாங்கிய சினிமா டிஸ்க்கில் பூட்டு இருக்கும். அதை உடைப்பது காப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவில் வரும் விஷயம், அதற்குள் போகவில்லை.

படி 1: நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரே ஐஎஸ்ஓவை மூன்று முறை ஓடவிட்டு, நிற்கும் நிமிடத்தைப் பேப்பரில் எழுதுங்கள்.

மூன்று முறையும் 42-ஆவது நிமிடத்திலேயே நின்றால் கோப்பு கெட்டிருக்கிறது. ஒருமுறை 10, ஒருமுறை 55, ஒருமுறை 31 என்று மாறிக்கொண்டே இருந்தால் கோப்பின் மேல் பழி போடாதீர்கள். மின்சாரம், சூடு, ஹார்டு டிஸ்க் கேபிள், வைஃபை இவற்றில் ஒன்று. தொட்டவுடனே எரர் வந்தால் அனுமதிச் சிக்கல் அல்லது கோப்பின் வகையில் சிக்கல். நேராக ஓடினால் சரியாக ஓடி, முன்னே பின்னே இழுத்தால் மட்டும் நின்றால் அது ஐஎஸ்ஓவுக்கே உள்ள குணம், படி 6-க்கு நேராகப் போகலாம்.

அடுத்து, டிவியை விட்டுவிட்டு சர்வர் கம்ப்யூட்டரிலேயே அந்தக் கோப்பை விஎல்சியில் திறந்து பாருங்கள். அதிலும் அதே இடத்தில் நின்றால் ஜெல்லிஃபின் மேல் தவறில்லை. விஎல்சியில் ஒழுங்காக ஓடுகிறது என்றால் கோப்பு நல்லது, சர்வர் பக்கம் தேடவேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கீழே போகாதீர்கள்.

படி 2: கோப்பின் அளவைப் பாருங்கள்

கோப்பின் மேல் ரைட் கிளிக், ‘பிராப்பர்ட்டீஸ்’. ‘சைஸ்’ வரிசையில் அடைப்புக்குறிக்குள் பைட் கணக்கு இருக்கும். அதைக் கால்குலேட்டரில் 2048-ஆல் வகுங்கள். டிவிடியின் ஒவ்வொரு செக்டரும் 2048 பைட் என்பதால் மீதி வரக்கூடாது. மீதி வந்தால் நகல் பாதியில் அறுந்திருக்கிறது, அல்லது அது உண்மையான ஐஎஸ்ஓ இல்லை. நீரோ என்ற டிஸ்க் பர்ன் மென்பொருளின் என்ஆர்ஜி கோப்புக்கு யாரோ ஐஎஸ்ஓ என்று பெயர் மாற்றி வைத்திருப்பார்கள்.

ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருந்தாலும் முழுதாக நிரம்பிய டிஸ்க்கை விண்டோஸ் சுமார் 4.37 ஜிபி என்றுதான் காட்டும். அது குறை இல்லை. ஆனால் கோப்பு 4 ஜிபியை ஒட்டி அறுந்து நிற்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். ஃபேட்32 பென்டிரைவில் ஒரு கோப்பு 4,29,49,67,295 பைட்டுக்கு மேல் போகாது. விண்டோஸ் ‘கோப்பு பெரிது’ என்று மறுத்துவிடும். சில நகல் மென்பொருட்களோ கோப்பைத் துண்டாக்கி வைக்கும், இரண்டாவது துண்டை நாம் விட்டுவிட்டு வருவோம். பென்டிரைவை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்துவிட்டு மறுபடி நகலெடுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

விசிடி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 2000-களின் தொடக்கத்தில் எடுத்த விசேஷங்கள் பல விசிடியில் இருக்கும். விசிடியில் படம் இரண்டாவது டிராக்கில், 2352 பைட் செக்டரில் பதிந்திருக்கிறது. ஐஎஸ்ஓ வடிவம் அதற்கானதே இல்லை. விசிடியை ஐஎஸ்ஓவாக எடுத்தால் படமே இல்லாத கோப்போ, கட்டம் கட்டமாகச் சிதறும் படமோதான் கிடைக்கும். டிஸ்க்கைத் திறந்து ‘எம்பெக்ஏவி’ என்ற கோப்புறைக்குள் போங்கள்; ‘டேட்’ என்று முடியும் பெரிய கோப்புதான் படம். அதை நகலெடுத்து விஎல்சியில் ஓட்டிப் பாருங்கள், ஓடினால் வீடியோ வகையை மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எம்பி4 ஆக்கி சர்வரில் போடுங்கள்.

படி 3: கோப்பு கெட்டிருந்தால்

7-ஜிப் மென்பொருளில் ஐஎஸ்ஓவைத் திறந்து, ‘வீடியோ_டிஎஸ்’ கோப்புறையை ஹார்டு டிஸ்க்கில் எக்ஸ்ட்ராக்ட் செய்யுங்கள். உள்ளே விஓபி, ஐஎஃப்ஓ, பியுபி என்று முடியும் கோப்புகள் இருக்கும். படம் இருப்பது விஓபியில், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாது. எக்ஸ்ட்ராக்ட் பாதியில் எரர் தந்தால், எந்த விஓபியில் நின்றது என்று பார்த்தாலே கெட்ட பகுதி தெரிந்துவிடும்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. டிஸ்க்கைப் படிக்க முடியாத இடத்தில் சில மென்பொருட்கள் வெறும் பூஜ்யத்தைப் போட்டு நிரப்பிவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்லிவிடும். அளவு சரியாக இருக்கும், எக்ஸ்ட்ராக்டும் ஆகும், ஓட்டினால் மட்டும் நிற்கும். எரரே வரவில்லை என்பதால் கோப்பு நல்லது என்று முடிவுகட்ட முடியாது.

மறுபடி டிஸ்க்கிலிருந்துதான் எடுக்கவேண்டும். பஞ்சில்லாத மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு போய்ப் படிக்கவே முடியாமல் செய்துவிடும். இம்க்பர்ன் போன்ற மென்பொருளில் படிக்கும் வேகத்தைக் குறைத்து, 4எக்ஸ் வைத்து, எடுத்துப் பாருங்கள். வேறொரு டிரைவில் போட்டுப் பார்ப்பதும் பலன் தரும். ஒரு டிரைவ் கைவிட்ட டிஸ்க்கை இன்னொன்று படித்துவிடுவது உண்டு. லினக்ஸ் தெரிந்தவர்களுக்குக் கெட்ட டிஸ்க்கிலிருந்து மீட்டெடுக்கும் டிடிரெஸ்க்யூ இருக்கிறது. செக்டர் அளவு 2048 என்று கொடுத்து, முதல் சுற்றில் நல்ல இடங்களை மட்டும் எடுத்து, அடுத்த சுற்றில் கெட்ட இடங்களை மூன்று தடவை முயலச் சொல்லலாம். எதுவரை படித்தது என்று அது குறித்துவைக்கும் மேப் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தால் வேறு டிரைவில் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

ஸ்டுடியோவில் பர்ன் செய்த டிவிடியில் பதிவு இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெளிச்சமும் அதற்கு ஆகாது. கத்திரி வெயிலில் மொட்டை மாடி அறையிலோ தகரக் கூரைக்குக் கீழோ கிடந்த டிஸ்க் கீறலே இல்லாமலும் செத்துப்போயிருக்கும். இன்னும் படிக்கக்கூடிய டிஸ்க்குகளை இப்போதே எடுத்துவிடுவது நல்லது.

படி 4: கோப்பு நல்லது, சர்வரில்தான் நிற்கிறது என்றால்

ஜெல்லிஃபினில் ‘டாஷ்போர்டு’, அதில் ‘லாக்ஸ்’. படம் நின்ற நேரத்தை ஒட்டி ‘எஃப்எஃப்எம்பெக்’ என்று தொடங்கும் கோப்பு இருக்கும். அதன் கடைசி இருபது வரிகள் போதும்.

‘பெர்மிஷன் டினைடு’ என்றிருந்தால் சர்வருக்குக் கோப்பைத் தொட அனுமதி இல்லை. ஜெல்லிஃபினை விண்டோஸ் சர்வீஸாக நிறுவியிருந்தால் அது உங்கள் பெயரில் ஓடாது, ‘நெட்வொர்க் சர்வீஸ்’ போன்ற வேறு கணக்கில் ஓடும். உங்கள் டெஸ்க்டாப்பில் உள்ள கோப்பு அதற்குத் திறக்காது. நீங்கள் இசட் டிரைவ் என்று மேப் செய்து வைத்த நெட்வொர்க் டிரைவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. படக் கோப்புறையின் பிராப்பர்ட்டீஸில் ‘செக்யூரிட்டி’, ‘எடிட்’, ‘ஆட்’ என்று போய் அந்தக் கணக்குக்கு ‘ரீட்’ அனுமதி கொடுங்கள். உபுண்டுவில் செருகியதும் தானாக மவுண்ட் ஆகும் டிரைவ் ‘மீடியா’ கோப்புறையில் உங்கள் பெயருக்குக் கீழ் வரும். அங்கே ஜெல்லிஃபின் யூசர் நுழைய முடியாது. எந்த டிரைவ் எங்கே மவுண்ட் ஆகவேண்டும் என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பு வழியாக வேறு இடத்தில் நிலையாக மவுண்ட் செய்வதே வழி.

‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்றால் சி டிரைவ் நிரம்பிவிட்டது. படத்தை மாற்றி அனுப்பும்போது சர்வர் தற்காலிகக் கோப்புகளை எழுதுகிறது. 120 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் போக மிச்சம் குறைவாக இருந்தால் படம் பாதி ஓடி நிற்கும். டாஷ்போர்டில் ‘பிளேபேக்’, ‘டிரான்ஸ்கோடிங்’ பக்கத்தில் அந்தத் தற்காலிகக் கோப்புகளின் கோப்புறையைப் பெரிய டிரைவுக்கு மாற்றுங்கள்.

‘இன்புட் அவுட்புட் எரர்’ என்றால் ஹார்டு டிஸ்க் பக்கம், அதாவது படி 5. ‘இன்வேலிட் டேட்டா’ என்றால் திரும்பவும் படி 3.

லாக்கில் எதுவும் புரியவில்லை, ஆனால் தொட்டவுடன் நிற்கிறது என்றால், அதே டிரான்ஸ்கோடிங் பக்கத்தில் ‘ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன்’ (படத்தை மாற்றும் வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் விடுவது) என்பதை ‘நன்’ ஆக்கிச் சேமித்து ஓட்டிப் பாருங்கள். டிவிடியில் இருப்பது எம்பெக்-2, அதுவும் 720-க்கு 576 அளவில் இன்டர்லேஸ் செய்த (ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் பதிந்த) படம். பழைய கிராபிக்ஸ் டிரைவர்கள் சில இதில் தடுக்கி விழும். ‘நன்’ வைத்ததும் ஓடினால் காரணம் பிடிபட்டது. ஆக்ஸிலரேஷனைத் திரும்ப ஆன் செய்து, எம்பெக்-2 என்ற பெட்டியில் மட்டும் டிக்கை எடுத்துவிடுங்கள். இந்த அளவுப் படத்தை பழைய ஐ3 பிராசஸரே சமாளித்துவிடும்.

குரோமில் பார்ப்பவர்களுக்கு: பிரவுசருக்கு எம்பெக்-2 தெரியாது. அங்கே பார்த்தால் எப்போதும் சர்வர் படத்தை மாற்றித்தான் அனுப்பவேண்டும். கோப்பு சரியா என்று பிரவுசரில் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

படி 5: ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால்

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டு ஹார்டு டிஸ்க்கைப் பாருங்கள். 05, சி5, சி7 என்ற மூன்று வரிகள் போதும். 05, சி5 இரண்டும் கெட்ட செக்டர்களின் கணக்கு; அவற்றில் ‘ரா வேல்யூ’ பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது; படம் பார்ப்பதை நிறுத்திவிட்டு முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். சி7 ஏறினால் டிஸ்க் நல்லது, கேபிள்தான் மோசம். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அதே மென்பொருள் வெப்பத்தையும் காட்டும். மே மாத வேலூரில், டிவி ஸ்டாண்டின் கண்ணாடிக் கதவுக்குள் அடைத்து வைத்த யுஎஸ்பி டிஸ்க் எளிதாகச் சூடேறும். 50 டிகிரியைத் தாண்டினால் வெளியே எடுத்து ஃபேன் காற்று படும் இடத்தில் வையுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே மதியம் நின்று இரவில் ஓடும் கேஸ்கள் பல தீர்ந்துவிடும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த நொடியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதா என்றும் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ‘யுபிஎஸ் மோட்’ என்ற சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள், மாறும் நேரம் குறையும். சர்வராக ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வைத்திருப்பவர்கள் ஃபோன் சார்ஜரில் ஓட்டாதீர்கள். பை 4-இல் நான்கு யுஎஸ்பி துளைக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான், இரண்டு ஹார்டு டிஸ்க் செருகினால் தாங்காது. தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வாங்கிக்கொள்ளுங்கள்.

வைஃபை மேல் எல்லோரும் பழி போடுகிறார்கள். டிவிடியின் உச்சமே நொடிக்கு 10 மெகாபிட்தான். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் மாதிரி கூட்டமும் பூவும் விளக்கும் நிறைந்த காட்சியில் அந்த உச்சத்தைத் தொடும், முகம் மட்டும் தெரியும் காட்சியில் பாதிகூட இருக்காது. ஆகவே கூட்டக் காட்சியில் மட்டும் திக்கித் திக்கி ஓடினால் வைஃபையைச் சந்தேகிக்கலாம். அதுவும் நிற்பது இல்லை, திக்குவது. ஒரு லேன் கேபிள் இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ப்ளூரேயில் கதை வேறு, அங்கே நொடிக்கு 48 மெகாபிட் வரை வரும்.

படி 6: எம்கேவி ஆக்குங்கள்

ஐஎஸ்ஓவிலிருந்து படத்தை மட்டும் எடுத்து எம்கேவி என்ற வகை வீடியோ கோப்பாக வைப்பதைத்தான் எல்லோருக்கும் பரிந்துரைப்போம். ஐஎஸ்ஓ என்பது படம் இல்லை, ஒரு டிஸ்க்கின் முழு நகல். மெனு, துண்டு துண்டான காட்சிகள் எல்லாம் அதற்குள் கிடக்கும், ஒரு பகுதியிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது நேரக் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். இழுத்தால் நிற்பதும், இரண்டு மணி நேரப் படத்தைப் பத்து நிமிடம் என்று காட்டுவதும் இதனால்தான். ஜெல்லிஃபினில் டிவிடி மெனு வராது, இன்னொரு மீடியா சர்வரான பிளெக்ஸ் ஐஎஸ்ஓவை ஏற்பதே இல்லை. மெனுவோடுதான் பார்க்கவேண்டும் என்றால் டிவி பெட்டியில் கோடி என்ற பிளேயரைப் போட்டு நெட்வொர்க் ஷேரிலிருந்து ஐஎஸ்ஓவைத் திறங்கள்.

மேக்எம்கேவி மென்பொருளில் ‘ஃபைல்’, ‘ஓப்பன் ஃபைல்ஸ்’ வழியாக ஐஎஸ்ஓவைத் திறந்தால் உள்ளே இருக்கும் டைட்டில்கள் வரிசையாக வரும். வேண்டியதை டிக் செய்து, கோப்புறையைத் தேர்ந்து, ‘மேக் எம்கேவி’ அழுத்துங்கள். தரம் குறையாது, அளவும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். நலங்கு, ரிசப்ஷன் என்று ஸ்டுடியோவில் சின்னச் சின்ன டைட்டிலாகப் பிரித்திருந்தால் சில காணாமல் போனது போலத் தெரியும்: 120 விநாடிக்குக் குறைந்த டைட்டிலை மேக்எம்கேவி காட்டாது. ‘பிரிஃபரன்ஸஸ்’, ‘வீடியோ’ பக்கத்தில் அந்த எண்ணைக் குறைத்துவிட்டு மறுபடி திறங்கள்.

ஃபோனிலும் பார்க்கவேண்டும் என்றால் அந்த எம்கேவியை ஹேண்ட்பிரேக்கில் ஹெச்.264 ஆக மாற்றுங்கள். தரத்துக்கான ‘ஆர்எஃப்’ எண் 19 அல்லது 20, ஃபில்டரில் ‘டீகோம்ப்’. டீகோம்ப் போடாவிட்டால் ஆள் நகரும்போது ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி கோடு விழும்.

இரண்டு டிஸ்க் கல்யாணமாக இருந்தால் இரண்டு கோப்பையும் ஒரே கோப்புறையில் போட்டு, பெயர் ஒன்றாகவே இருந்து கடைசியில் மட்டும் ‘-பார்ட்1’, ‘-பார்ட்2’ என்று ஆங்கில எழுத்தில் வரும்படி வையுங்கள்; ஜெல்லிஃபின் ஒரே படமாகச் சேர்த்துத் தொடர்ந்து ஓட்டும். பிறகு பழைய ஐஎஸ்ஓவை லைப்ரரிக்கு வெளியே வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு ‘ஸ்கேன்’ கொடுங்கள். அதே கோப்புறையில் விட்டுவைத்தால் சர்வர் மறுபடி ஐஎஸ்ஓவையே எடுத்து ஓட்ட வாய்ப்பு உண்டு.