வீட்டுக்குப் புதுக் கணினி வாங்கப் போகிறீர்களா? முதல்முறை வாங்குபவர்களுக்குப் படிப்படியாக

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் நான் வாங்கிய லேப்டாப்பில் 64 ஜிபி இடம்தான் இருந்தது. எடை குறைவு, பார்க்கவும் அழகாக இருந்தது. வேறெதுவும் கேட்காமல் வாங்கிவிட்டேன். சில மாதங்களில் பெரிய விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்து, இடம் போதவில்லை என்று பாதியில் நின்றது. மகள் பள்ளிக்காகச் செய்து வைத்திருந்த வீடியோக்களை பென் டிரைவுக்கு மாற்றி, படங்களை நீக்கி, ஒருவழியாக ஏற்றினோம். அடுத்த அப்டேட்டுக்கும் அதே பாடு. பெரிய டிஸ்க்காகப் போட்டுவிடலாம் என்று பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். மாற்றுவதற்கு அங்கே டிஸ்க் என்று தனியாக ஒன்றும் இல்லை. சேமிப்புச் சிப் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது.

அதன்பிறகு உறவினர், நண்பர் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: கணினியில் பின்னால் மாற்றிக்கொள்ளக்கூடியவை சில, மாற்றவே முடியாதவை சில. கையில் இருக்கும் பணத்தை முதலில் மாற்ற முடியாதவற்றுக்குக் கொடுங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் "இதைப் பின்னால் மாற்ற முடியுமா?" என்ற கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உண்மையிலேயே புதிது வேண்டுமா?

பழைய கணினி மெதுவாக இருக்கிறது என்பதுதான் பலரும் சொல்லும் காரணம். அதில் இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழன்று, ஊசி நகர்ந்து, தேடித்தான் கோப்பை எடுக்க வேண்டும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு திறந்த கணினி அரை நிமிடத்துக்குள் திறப்பதைப் பார்த்தால் புதிது வாங்கும் எண்ணமே போய்விடலாம்.

ஆனால் ஒரு விஷயம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், கணினியின் மூளையான பிராசசரும் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஆதரவு. உங்கள் கணினி அதற்கும் பழையது, அதில்தான் வங்கி வேலை, வரி வேலை எல்லாம் செய்கிறீர்கள் என்றால் மாற்றுவதுதான் நல்லது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பழகிக்கொள்ளத் தயார் என்றால் அந்தப் பழைய பெட்டி இன்னும் சில வருடம் ஓடும்.

படி 2: யார், என்ன செய்வார்கள் என்று எழுதுங்கள்

தாளில் எழுதுங்கள், மனதில் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு, பாட்டிக்கு வீடியோ கால், உங்களுக்கு அலுவலகக் கணக்கு, யாருக்காவது வீடியோ எடிட்டிங் என்று வீட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே போடுங்கள். எழுதும்போதுதான் கடைக்காரர் கேட்காத கேள்வி ஒன்று கண்ணில் படும்: ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வேண்டுமா? மாலை ஏழு மணிக்கு மகனுக்கும் வகுப்பு, உங்களுக்கும் மீட்டிங் என்றால் எவ்வளவு உயர்ந்த கணினி வாங்கினாலும் ஒன்று போதாது. அப்படிப்பட்ட வீட்டில் விலை உயர்ந்த ஒன்றைவிட நடுத்தரமான இரண்டு மேல்.

பிள்ளைகளுக்கு கேம் வேண்டும் என்றால் எந்த கேம் என்று பெயர் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு கேமுக்கும் குறைந்தபட்சத் தேவை என்ன என்று அதைத் தயாரித்தவர்களே போட்டிருப்பார்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்த ஒரு பாகம் விலையைப் பெரிதாக ஏற்றிவிடும் என்பதால் ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள்.

படி 3: லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

கணினி வீட்டைவிட்டு வெளியே போகுமா? போகும் என்றால் லேப்டாப், பேச்சே இல்லை. போகாது என்றால் டெஸ்க்டாப்பை நன்றாக யோசியுங்கள். அதே பணத்துக்கு அதில் வேகமும் அதிகம், ஆயுளும் அதிகம். மானிட்டர் போனால் மானிட்டரை மட்டும் மாற்றலாம், ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்) கூட்டலாம், டிஸ்க் கூட்டலாம். பிள்ளைகள் கூடத்தில் எல்லோர் கண்முன்னும் உட்கார்ந்து வேலை செய்வதும் எனக்குப் பிடித்த விஷயம். மின்சாரம் அடிக்கடி போகும் இடமாக இருந்தால் யுபிஎஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மானிட்டருக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ஆல்-இன்-ஒன் மேசைமேல் அழகாக இருக்கும். திரை பழுதானால் மொத்தக் கணினியும் சர்வீஸுக்குப் போகும், அதனால் அதை வாங்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆப்பிளின் மேக் வாங்குபவர்களுக்கு ஒன்று: இப்போதைய மேக் கணினிகளில் ரேமை பின்னால் கூட்டவே முடியாது, வாங்கும் அன்றே போதுமான அளவு எடுத்துவிட வேண்டும். விண்டோஸ் இல்லாமல் கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக் என்றால் அந்த மாடலுக்கு அப்டேட் எந்த வருடம் வரை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய ஸ்டாக்காக இருந்தால் அதில் கொஞ்சக் காலம் ஏற்கெனவே கழிந்திருக்கும்.

படி 4: பாகங்கள், முக்கியமானதிலிருந்து

முதலில் டிஸ்க். எஸ்எஸ்டி தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். 512 ஜிபி ஒரு குடும்பத்துக்குத் தாராளம், 256 ஜிபி சமாளிக்கலாம். இஎம்எம்சி (மதர்போர்டிலேயே பற்றவைக்கும் மலிவான சேமிப்புச் சிப்) என்று போட்டிருந்தால் விலகிவிடுங்கள், நான் மாட்டிக்கொண்டது அதில்தான். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 64 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது ஏற்றுவதற்கு மட்டும். அதில் ஒரு குடும்பம் வாழ முடியாது. 512 ஜிபி வாங்கிவிட்டு விண்டோஸில் 476 என்று பார்த்துப் பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்து ரேம். 8 ஜிபி இன்றைக்குக் குறைந்தபட்சம், 16 ஜிபி நிம்மதி. கணினியைத் திறந்து சும்மா வைத்திருந்தாலே விண்டோஸ் 3, 4 ஜிபியை எடுத்துக்கொள்ளும். அதன்மேல் பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப், ஒரு வீடியோ கால் என்றால் 8 நிரம்பிவிடும். இங்கேதான் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்: இதில் ரேமைச் செருகும் ஸ்லாட் இருக்கிறதா, ரேம் பற்றவைத்ததா? ஸ்லாட் இருந்தால் 8 வாங்கி, தேவைப்படும்போது கூட்டலாம். பற்றவைத்தது என்றால் இன்றே 16 எடுங்கள். கடையில் இருக்கும் கணினியிலேயே இதைப் பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. கீழே எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் என்று ஒரு வரி இருக்கும். ஆனால் பற்றவைத்த ரேமையும் சில கணினிகள் ஸ்லாட் என்றே காட்டும். அதனால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளர் தளத்திலும் ஒருமுறை சரிபாருங்கள்.

மூன்றாவது திரை. பிராசசரைப் பற்றி அரைமணி நேரம் கேட்பவர்கள் திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை, எனக்கு அது வருத்தம். வருடக்கணக்கில் பிள்ளைகளின் கண் பார்க்கப்போவது அதைத்தான். 1920 பெருக்கல் 1080, அதாவது முழு எச்டி, அதற்குக் கீழே வேண்டாம். 1366 பெருக்கல் 768 என்று இன்னும் வருகிறது, அதில் எழுத்து பிசிறடிக்கும். ஐபிஎஸ் வகையாக இருந்தால் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. வெளிச்சம் 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அறைக்குள் போதும், ஜன்னலோரம் என்றால் 300-க்கு மேல் தேடுங்கள்.

பிராசசர் நான்காவது. படிப்பு, எழுத்து, வீடியோ கால் என்ற வீட்டு வேலைக்கு இன்டெலின் அண்மைய கோர் ஐ3, ஐ5, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 3, 5 எல்லாமே போதும். ஐ7 எடுக்கும் பணத்தில் ரேமையும் திரையையும் உயர்த்திக்கொள்ளுங்கள்.

படி 5: விவரச் சீட்டைப் படிக்கப் பழகுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏமாறும் இடம் இதுதான்.

இன்டெல் கோர் ஐ5-1235யு என்று ஒரு சீட்டில் இருக்கிறது என்று வையுங்கள். "ஐ5" என்பது தரம். 1235-இல் முதல் இரண்டு இலக்கம் 12, அதாவது 12-ஆம் தலைமுறை. கடைசி எழுத்து "யு" என்றால் மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும் வகை, பேட்டரி நிற்கும். "எச்" என்றால் வேகம் அதிகம், சூடும் அதிகம், பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஐ5 என்று மட்டும் விளம்பரத்தில் போட்டு எண்ணைப் போடாமல் விட்டிருந்தால் கட்டாயம் கேளுங்கள். நான்கைந்து தலைமுறை பழைய ஐ5-ஐவிடப் புதிய ஐ3 வேகமாக இருப்பது சாதாரணம். 2023 டிசம்பரிலிருந்து இன்டெல் "கோர் அல்ட்ரா" என்று பெயர் வைக்கத் தொடங்கியிருக்கிறது, அதனால் "ஐ" இல்லாத பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

ஏஎம்டியில் இன்னும் கவனம் வேண்டும். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. கேட்பவருக்குப் பத்து எண்தான் வித்தியாசம். இந்த 7000 வரிசை லேப்டாப் சிப்களில் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520-இல் 2, அது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). 7530-இல் 3, அது ஜென் 3, ஆறு கோர். முதலில் நிற்கும் 7 வெறும் வெளியீட்டு வரிசை. மேலும் 7520யு வரும் லேப்டாப்களில் ரேம் பற்றவைத்துத்தான் வரும். ஆக அதே "ரைசன் 5" ஸ்டிக்கர், அதே 8 ஜிபி, ஆனால் ஒன்றில் நாளைக்குக் கூட்டவே வழியில்லை. எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவிக்குக் கணினி பார்த்தபோது இந்த இரண்டு சீட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, விலையும் ஏறக்குறைய ஒன்று. மூன்றாவது இலக்கத்தைப் பார்த்துத்தான் எடுத்தோம்.

படி 6: கையால் தொட்டுப் பாருங்கள்

இணையத்தில் வாங்குவதாக இருந்தாலும் ஒருமுறை கடைக்குப் போய் அதே மாடலைத் தொடுங்கள். கீபோர்டில் நான்கு வரி தட்டுங்கள், நடுவில் அழுத்தும்போது பலகை குழிகிறதா பாருங்கள். திரையைத் திறந்து மூடுங்கள், கீல் ஆடக்கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் முதலில் உடைவது கீல்தான். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்து, கரும்புள்ளி தெரிகிறதா, பக்கத்திலிருந்து பார்த்தால் மங்குகிறதா என்று பாருங்கள். கேமரா, மைக் இரண்டையும் போட்டுப் பாருங்கள். யுஎஸ்பி துளைகள் எத்தனை என்று எண்ணுங்கள், வீட்டில் இருக்கும் பிரின்டருக்கும் பென் டிரைவுக்கும் பழைய அகலத் துளை வேண்டும்.

படி 7: பணம் கொடுக்கும்போது

மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் ரசீதில் இருக்க வேண்டும். பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணும் கணினியின் அடியில் இருப்பதும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். அதே எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டால் வாரன்டி எந்தத் தேதிவரை என்று காட்டும். உங்கள் ரசீதுத் தேதிக்கு முன்பே தொடங்கியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். ஆபீஸ் மென்பொருள் "இருக்கிறது" என்றால் நிரந்தரமா, சில நாள் சோதனைக்கா என்று கேளுங்கள். காசு கொடுத்து வாங்கியே ஆகவேண்டும் என்றில்லை, லிப்ரே ஆபீஸ் இலவசம், பள்ளி வேலைக்கு நன்றாகவே போதும்.

படி 8: வீட்டில் முதல் வாரம்

பெட்டியையும் தெர்மாகோலையும் எறியாதீர்கள், திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் வேண்டும். முதல் நாளே எல்லா அப்டேட்டையும் ஏற்றுங்கள், சில மணி நேரம் ஆகலாம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய் விண்டோஸ் அசல்தானா என்று பாருங்கள். தனியாக ஆன்டிவைரஸ் வாங்க வேண்டாம், விண்டோஸிலேயே டிஃபென்டர் இருக்கிறது.

பிறகு ஆளுக்கொரு கணக்கு தொடங்குங்கள். அட்மின் கணக்கு பெரியவர் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். மற்றவர்களுக்கு சாதாரணக் கணக்கு கொடுத்தால், தெரியாமல் டவுன்லோட் செய்த ஏதோ ஒன்று கணினி முழுவதையும் மாற்றப் பார்த்தால் அட்மின் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். பாட்டியின் கணக்கில் எழுத்தைப் பெரிதாக்கி, வீடியோ காலை முகப்பிலேயே வைத்துக் கொடுங்கள். தமிழில் தட்டச்சு செய்ய விண்டோஸ் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 கீபோர்டும் கிடைக்கும்.

லேப்டாப் எப்போதும் சார்ஜரிலேயே இருக்கப் போகிறது என்றால், தயாரிப்பாளர் தரும் செயலியில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று தேடி, இருந்தால் போட்டுவிடுங்கள். லித்தியம் பேட்டரி எந்நேரமும் நூறிலேயே இருந்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

பழைய கணினியிலிருந்து படங்களையும் ஆவணங்களையும் புதியதற்கு மாற்றியதும், வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். பழையதை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாதம் ஓரமாக இருக்கட்டும், விட்டுப்போன கோப்பு ஏதாவது கட்டாயம் நினைவுக்கு வரும். அதன்பிறகு ரீசெட் வசதியில் எல்லாவற்றையும் நீக்கும் தேர்வைப் போட்டு, டிரைவையும் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டு, தேவைப்படுபவர் கையில் கொடுங்கள்.