மரத்தில் அந்துப்பூச்சிப் புழுக்களைத் தேடி இனம் காண்பது எப்படி: தொடக்கநிலையினருக்கான செய்முறை

விளக்கடியில் வந்து அமரும் அந்துப்பூச்சிகளைப் படம்பிடித்துப் பெயர் கண்டுபிடிக்கப் பழகிய பலர், அவற்றின் புழுக்களைத் தேட இறங்கியதும் தடுமாறிப் போகிறார்கள். கண்ணில் பட்ட புழுவை நூற்றுக்கணக்கான படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வீண் உழைப்பு. பெரும்பாலான புழுக்கள் தமக்கென்று அமைந்த சில தாவரங்களைத்தான் உண்ணும் என்பதால், புழு எந்த மரத்தில் மேய்ந்தது என்று உறுதியாகத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எனவே மரத்தில் தொடங்கிப் புழுவுக்கு வருவதே இங்கே நான் சொல்லப்போகும் வழி. நம் ஊர் வீட்டுத் தோட்டங்களிலும் தெருவோரங்களிலும் உள்ள மரஞ்செடிகளையே எடுத்துக்கொள்கிறேன். அவற்றை நீங்கள் அறிவீர்கள் என்பதால் அடையாளம் சொல்லவில்லை.

படி 1: மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதல் தேடலுக்கு நந்தியாவட்டையோ அரளியோ போதும். இரண்டிலும் டாஃப்னிஸ் நெரீ என்னும் பருந்து அந்துப்பூச்சியின் புழு வளர்கிறது. முழு வளர்ச்சியில் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம் இருப்பதால் கற்றுக்கொள்ள ஏற்றது. அடுத்ததாக முருங்கை, ஆமணக்கு, தேக்கு ஆகியவற்றைப் பார்க்கலாம். மழைக்குப் பின் புதுத்தளிர் விட்டிருக்கும் காலமே தேடலுக்கு உகந்தது. மருந்து தெளித்த செடியை விட்டுவிடுங்கள்.

படி 2: முதலில் தரையைப் பாருங்கள்

தொடக்கநிலையினர் பெரும்பாலும் தவறவிடும் படி இதுதான். பச்சை இலைக்கு நடுவே பச்சைப் புழுவைக் கண்ணால் துழாவுவதைவிட, அது கீழே உதிர்க்கும் புழுக்கையைத் தேடுவது பன்மடங்கு எளிது. பருந்து அந்துப்பூச்சிப் புழுவின் புழுக்கை சிறு பீப்பாய் வடிவில், நெடுகிலும் பள்ளங்கள் ஓடியதாக இருக்கும். புழு பெரிதாகும்போது மிளகு அளவையும் எட்டும். ஈரமாகவும் கரும்பச்சையாகவும் இருந்தால் புதியது; காய்ந்து பழுப்பேறியிருந்தால் புழு இடம் மாறியிருக்கலாம், அல்லது மண்ணுக்கு இறங்கியிருக்கலாம்.

மாலையில் செடியின் அடியைப் பெருக்கிவிட்டு ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து வையுங்கள். காலையில் அதன் மேல் எங்கே புழுக்கை சேர்ந்திருக்கிறதோ, அதற்கு நேர் மேலே உள்ள கிளையிலிருந்து தேடத் தொடங்குங்கள். காற்று வீசிய இரவானால் ஓரிரு முழம் தள்ளியும் பார்க்க வேண்டும். மேய்ந்த தளிருக்குப் பக்கத்திலேயே புழு இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். வளர்ந்த புழு பகலில் சற்றுக் கீழிறங்கி, முற்றிய இலையின் அடிப்புறத்திலோ தண்டிலோ அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். குனிந்து, செடிக்கு அடியிலிருந்து வானத்தை நோக்கிப் பார்த்தால், இலையின் ஊடே அதன் நிழல் தடிப்பாகத் தெரியும்.

கிளையைக் கம்பால் அடித்துத் துணியில் புழுக்களை உதிர்க்கும் முறையை நான் விரும்புவதில்லை. அது வேகமானதுதான், ஆனால் பின்னிக் கிடக்கும் கிளைகளில் எது எந்தச் செடியிலிருந்து விழுந்தது என்பது தெரியாமல் போகும், புழுவுக்கும் காயம் படும். அதற்குப் பதில் புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள். இருட்டிய பின் அதை அடித்தால் பல புழுக்கள் இலையின் பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரியும். 395 நானோமீட்டர் டார்ச் மலிவானது என்றாலும் அதன் ஊதா வெளிச்சம் எல்லாவற்றின் மேலும் படர்ந்துவிடுவதால், 365 நானோமீட்டர் வகையே நல்லது. எதுவானாலும் கண்ணில் படும்படி அடிக்கக் கூடாது.

படி 3: கடித்த விதத்தைப் பாருங்கள்

தேக்கில் இந்தத் தடயம் மிகத் தெளிவாகக் கிடைக்கும். நரம்புகளின் வலைப்பின்னல் மட்டும் மிஞ்சி இலை சல்லடையாகக் கிடந்தால் அது யூடெக்டோனா மகெராலிஸ் புழுவின் வேலை. இலையின் ஓரத்தை வெட்டி மடித்து, நூலால் ஒட்டி, அந்த மடிப்புக்குள் இருந்துகொண்டு பெருநரம்புகளை மட்டும் விட்டு மற்றதைத் தின்பது ஹிப்ளியா பூரா. கேரளத்தின் நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களில் கோடை மழையைத் தொடர்ந்து பெருங்கூட்டமாக எழும்பி மரங்களை மொட்டையாக்குவது இந்த இரண்டாவது இனமே. முருங்கையிலோ இலையைவிட அடிமரத்தைப் பார்க்க வேண்டும்: யூப்டெரோட் மொல்லிஃபெரா என்னும் கம்பளிப்புழு பகலில் மரப்பட்டையின் மேல் கூட்டமாக அடைந்திருக்கும்.

படி 4: கால்களை எண்ணுங்கள்

நிறத்தை நம்புவதைவிடக் காலை நம்புங்கள். தலைக்குப் பின்னால் மூன்று இணை உண்மைக் கால்கள் இருக்கும். நடுவுடலிலும் வால் நுனியிலும் உள்ள சதைப்பற்றான பொய்க்கால்கள் சேர்ந்து ஐந்து இணைக்கு மேற்பட்டிருந்தால், அது அந்துப்பூச்சியின் புழுவும் அல்ல, வண்ணத்துப்பூச்சியின் புழுவும் அல்ல; குளவிகளுக்கு உறவான ரம்பக்குளவி என்னும் பூச்சியின் புழு. பின்புறம் இரண்டே இணை இருந்து, உடலை வில்லாக வளைத்து அளந்தளந்து நடந்தால், ஜியோமெட்ரிடே என்னும் அந்துப்பூச்சிக் குடும்பம் என்று கொள்ளலாம். ஆமணக்கின் காவட்டைப்புழுவான ஆக்கியா ஜனாட்டா, முன்பக்கப் பொய்க்கால்கள் சிறுத்திருப்பதால் அரைவளைவாக நடக்கும். காலே தெரியாமல் அட்டைபோல் வழுக்கிச் செல்லும் பச்சைநிற முட்புழுவை மாமரத்திலோ தென்னையிலோ கண்டால் தொடாதீர்கள். பாராசா லெபிடா என்னும் இந்தப் புழுவின் முட்கள் கடுமையாகக் கொட்டும்.

படம் எடுக்கும்போது முதுகுப்புறம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலை ஒன்று, இலையோடும் பூவோடும் செடி ஒன்று என நான்கு படங்கள் வேண்டும். பக்கவாட்டுப் படம் இல்லாவிட்டால் பொய்க்கால்களை எண்ண முடியாது. விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. கைப்பேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் போதுமானது.

படி 5: ஒரே புழுவின் பல தோற்றங்கள்

நந்தியாவட்டைப் புழுவையே எடுத்துக்கொள்வோம். முட்டையிலிருந்து வெளிவந்த பருவத்தில் அது மஞ்சள் சாயலுடன், உடலுக்குப் பொருந்தாத நீளத்தில் மெல்லிய கருங்கொம்புடன் இருக்கும். வளர்ந்த பின் பச்சை உடல், பக்கவாட்டில் வெண்கோடு, அதைச் சுற்றி வெண்புள்ளிகள், மார்பின் இருபுறமும் கருவிளிம்பு கொண்ட நீலவெண் கண்பொட்டுகள் ஆகியவை தெரியும். கொம்போ குறுகி, மஞ்சளாகிக் கீழ்நோக்கி வளைந்துவிடும். கூட்டுப்புழுவாவதற்கு முன்பு முதுகு கருத்துப் பழுப்பாகி, செடியை விட்டிறங்கித் தரையில் அலையும். இதைக் கண்டு புழு நோயுற்றது என்றோ வேறு இனம் என்றோ முடிவு செய்யக் கூடாது.

அரளியில் இன்னொரு புழுவும் உண்டு. குறுக்குப் பட்டைகளும் உடலின் மேல் நான்கு இணை நீண்ட கரிய இழைகளும் கொண்ட அது, காமன் க்ரோ வண்ணத்துப்பூச்சிக்கு உரியது.

பெயரைச் சரிபார்க்க, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 'ஹோஸ்ட்ஸ்' தரவுத்தளத்தில் தாவரத்தின் பெயரை இட்டுத் தேடுங்கள்; பின்பு 'மாத்ஸ் ஆஃப் இந்தியா' தளத்தில் படங்களைப் பாருங்கள். உயிரினப் படங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் தானாகச் சொல்லும் பெயரைப் புழுக்களைப் பொறுத்தவரை ஒரு குறிப்பாக மட்டுமே கொள்ள வேண்டும். அங்கே பதிவேற்றும்போது உணவுத் தாவரத்தின் பெயரைச் சேர்த்தால், பார்ப்பவர்கள் சரியாகச் சொல்வதற்கு உதவியாக இருக்கும்.

படி 6: வளர்த்து உறுதிசெய்தல்

ஐயம் தீராவிட்டால் ஒரே ஒரு புழுவை, அது தின்ற அதே செடியின் இலையோடு, காற்றோட்டமுள்ள டப்பாவில் வையுங்கள். இலையை நாள்தோறும் மாற்றி, புழுக்கையை அகற்றுங்கள். பூஞ்சணம் பிடித்தால் புழு பிழைக்காது. கிளையை நீர்ப்புட்டியில் செருகினால் அதன் வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். இல்லையேல் புழு உள்ளே இறங்கி மூழ்கிவிடும். அரளிப் பால் நஞ்சு என்பதால் கையைக் கழுவ மறக்காதீர்கள். புழுவின் முதுகில் பழுப்பு நிறம் கண்டதும் டப்பாவின் அடியில் மண்ணும் சருகும் இடுங்கள். பூச்சி வெளிவந்ததும் சிறகு முழுதும் விரிந்து உலரும் வரை காத்திருந்து, படம் எடுத்து, புழு கிடைத்த இடத்திலேயே மாலையில் விட்டுவிடுங்கள். காப்புக்காடுகளில் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. அங்கே படம் மட்டும் எடுங்கள்.

பிற்சேர்க்கை

புழுவின் மேல் அரிசிமணி போன்ற வெண்ணிறக் கூடுகள் ஒட்டியிருந்ததாகவும், அவற்றை முட்டை என்று எண்ணிக் காத்திருந்ததாகவும் வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். அவை ஒட்டுண்ணிக் குளவிகளின் கூடுகள். அந்தப் புழு அந்துப்பூச்சியாகாது. கூடுகளைப் பிய்த்தாலும் புழு பிழைக்கப் போவதில்லை என்பதால் அப்படியே வைத்திருந்து, வெளிவரும் குளவியையும் படமெடுத்து, புழுவின் பெயரோடும் மரத்தின் பெயரோடும் பதிவு செய்யுங்கள். முருங்கைக் கம்பளிப்புழுவின் மயிர் பட்டு அரித்தால் தேய்க்க வேண்டாம். ஒட்டும் டேப்பைத் தோலில் ஒட்டி எடுத்தால் மயிர்கள் அதோடு வந்துவிடும், அதன் பின் சோப்புப் போட்டுக் கழுவலாம். கண்ணில் பட்டாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.