எல்டன் ரிங்கில் கேடயம் பிடிக்கலாமா? பிடிக்கலாம், ஆனால் அதைக் கீழே இறக்கவும் தெரியணும்

அடி வரும்போது உருண்டு தப்புவதுதான் வீரம், கேடயம் கோழைக்கு என்றொரு பேச்சு ஆட்டக்காரர்களிடம் உண்டு. எல்டன் ரிங் என்ற வீடியோ கேமைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். எதிரி எப்போது ஓங்குகிறான், எத்தனை வெட்டு வெட்டுகிறான் என்று அருகில் நின்று பார்க்கக் கேடயத்தை விட்டால் வேறு நல்ல வழி இல்லை.

1. கேடயத்தைத் தேர்ந்தெடுங்கள்

கேடயத்தின் விவரப் பக்கத்தில் பிசிக்கல் தடுப்பு (வாள், ஈட்டி போன்ற சாதாரண ஆயுத அடியில் எத்தனை சதவீதத்தைத் தடுக்கும் என்பது) 100 என்று இருக்க வேண்டும். குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் உயிர் கசியும். ஆட்டத் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் பாத்திர வகுப்புகளில் வேகபாண்டை எடுத்தால் ஹீட்டர் ஷீல்ட் கையிலேயே இருக்கும். என் ஓட்டு பிராஸ் ஷீல்டுக்கு. தொடக்கப் பகுதியான லிம்கிரேவில், காட்ரிக் என்ற பாஸின் சிப்பாய்களை அடித்துக்கொண்டே இருந்தால் ஒருவனிடமிருந்து விழும். அதைப் பிடிக்க உங்கள் பாத்திரத்துக்கு ஸ்ட்ரெங்த் (வலிமைப் புள்ளி) 16 வேண்டும். பெரிய கேடயங்களை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

2. எடை

மாட்டியிருக்கும் ஆயுதம், கவசம் எல்லாவற்றின் மொத்தச் சுமை, உங்களால் சுமக்க முடிந்ததில் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். தாண்டினால் ரோல், அதாவது உருண்டு தப்புவது, மூட்டை உருள்வது போல ஆகிவிடும்.

3. கேடயத்தை இறக்குங்கள்

எனக்குப் பிடிபட அதிக நேரம் எடுத்தது இதுதான். கேடயத்தை உயர்த்தியே வைத்திருந்தால் ஸ்டாமினா (திரையில் பச்சைக் கோடாகத் தெரியும் தெம்பு) மிக மெதுவாகத்தான் ஏறும். வாங்கும் ஒவ்வொரு அடியும் அதே ஸ்டாமினாவைத்தான் தின்னும். அது காலியானால் தடுப்பு உடைந்து, நீங்கள் தடுமாறி நிற்பீர்கள். அடுத்த அடி நேராக உயிரில்.

ஒற்றை வாள் சிப்பாய் ஒருவனைப் பிடித்துப் பழகுங்கள். அவன் கை பின்னால் போகும்போது எல்1-ஐ (பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் கேடயத்தை உயர்த்தும் பட்டன்) அழுத்துங்கள். வெட்டு பட்டதும் விரலை எடுங்கள். பச்சைக் கோடு சரசரவென்று ஏறுவதைப் பாருங்கள். மறுபடி ஓங்கினால் மறுபடி அழுத்துங்கள். பயத்தில் விரல் எல்1-லேயே ஒட்டிக்கொள்ளும்; அந்தப் பழக்கம் விடுபடும் வரை பாஸ் எனப்படும் பெரிய எதிரிகள் பக்கம் போக வேண்டாம்.

4. திருப்பி அடியுங்கள்

தடுத்த கையோடு ஆர்2 (பலமான அடிக்கான பட்டன்) அழுத்தினால் கார்ட் கவுன்டர் என்ற பதிலடி விழும். நல்ல கனமான அடி. சாதாரண எதிரிகள் பலர் நிலைகுலைந்து மண்டியிடுவார்கள். ஆனால் எதிரியின் கடைசி வெட்டுக்குப் பிறகு அடிக்க வேண்டும். நடுவில் அடித்தால் அவனுடைய அடுத்த வெட்டு உங்களுக்குத்தான். எதிரியின் வெட்டைச் சரியான நொடியில் தட்டிவிடும் பாரி இதைவிட அழகு, சரி, ஆனால் அதற்கான நேரக்கணக்கு கடுமையானது. முதலில் இதைப் பழகுங்கள்.

கேடயம் உதவாத இடங்கள்

உங்களைப் பிடித்துத் தூக்கும் தாக்குதலைத் தடுக்க முடியாது, உருண்டே ஆகணும். தீ, மந்திரம் போன்றவை பிசிக்கல் 100-ஐத் தாண்டி ஓரளவு உள்ளே வரும். அப்புறம் மலேனியா என்ற பாஸ்: அவளுடைய வெட்டைக் கேடயத்தில் வாங்கினாலும் அவளுக்கு உயிர் ஏறும்.

பின்சேர்க்கை: கேடயம் மாட்டியதும் வாளின் சிறப்புத் திறன் வேலை செய்யவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். கேடயத்துக்கே ஒரு திறன் இருந்தால், திறனுக்கான பட்டனான எல்2 அதைத்தான் இயக்கும். வாளை இரண்டு கையால் பிடியுங்கள், அல்லது ஹீட்டர் ஷீல்ட் போலத் திறன் இல்லாத கேடயத்துக்கு மாறுங்கள்.