‘ஆனால்’ என்ற சொல்லுக்கு அரை மணி நேரம் விடுமுறை: டீமுக்கான 45 நிமிட இம்ப்ரோவ் பயிற்சி

மேடையில் ஒருவர் “டாக்டர், கை வலிக்குது” என்கிறார். எதிரில் நிற்பவர் “நான் டாக்டர் இல்லையே” என்றால் காட்சி அங்கேயே படுத்துவிடும். “எந்தக் கை? போன வாரம் நான் ஒட்டவைத்ததா?” என்றால் கதை கிளம்பிவிடும். எழுதிய வசனமில்லாத இம்ப்ரோவ் நாடகத்தின் அடிப்படை இதுதான்: வந்ததை ஏற்றுக்கொள், அதோடு ஒன்றைச் சேர். சிகாகோவில் வயோலா ஸ்போலின் உருவாக்கிய விளையாட்டுகளிலிருந்து வளர்ந்த கலை இது. அவர் மகன் பால் சில்ஸும் நண்பர்களும் 1959இல் தொடங்கிய செகண்ட் சிட்டி அரங்கு அதைப் பிரபலமாக்கியது. அதே விதியை வைத்து டீமாகப் புதிய யோசனைகளைத் தேடுவதுதான் இந்தப் பயிற்சி. இதைச் செய்ய நடிப்புத் திறமை தேவையில்லை.

தேவையானவை: 5 முதல் 8 பேர், ஆளுக்கு 10 சிறிய அட்டைகள், ஒரு டைமர், ஒரே வரியில் எழுதிய கேள்வி. “வேலையை மேம்படுத்துவது எப்படி?” என்பது உதவாது. “புதிதாகச் சேர்பவர் முதல் வாரத்திலேயே தயங்காமல் சந்தேகம் கேட்க என்ன செய்யலாம்?” என்பது உதவும்.

1. எண்ணுதல் (5 நிமிடம்). வட்டமாக நின்று 1 முதல் 20 வரை எண்ணுங்கள். யார் வேண்டுமானாலும் அடுத்த எண்ணைச் சொல்லலாம். முறை வைக்கக் கூடாது, சைகை காட்டக் கூடாது. இருவர் ஒரே நேரத்தில் சொன்னால் மறுபடி 1. 20ஐத் தொடாவிட்டாலும் பரவாயில்லை. பேசத் துடிப்பவர் பொறுக்கவும் மற்றவர்கள் கவனிக்கவும் பழகுவதற்குத்தான் இது.

2. இரண்டு சுற்று (6 நிமிடம்). இருவர் இருவராகப் பிரிந்து ஒரு சுற்றுலாவைத் திட்டமிடுங்கள். முதல் 3 நிமிடம் ஒவ்வொரு பதிலும் “ஆனால்…” என்று தொடங்கட்டும். அடுத்த 3 நிமிடம் “ஆமாம், அதோட…” என்று தொடங்கட்டும். வித்தியாசம் அவர்களுக்கே உறைக்கும். நீங்கள் விளக்கவுரை ஆற்ற வேண்டாம்.

3. மௌனமாக எழுதுதல் (6 நிமிடம்). அட்டைக்கு ஒரு யோசனை, ஆளுக்குக் குறைந்தது 5. பலர் தவிர்த்துவிடும் படி இது, தவிர்க்கவே கூடாதது. குழுவாகப் பேசி யோசிப்பதைவிட, அதே எண்ணிக்கையிலான ஆட்கள் தனித்தனியே யோசித்தால் அதிக யோசனைகள் வருகின்றன என்று யேல் பல்கலைக்கழக ஆய்வு 1958லேயே காட்டியது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். அதற்குள் தங்கள் யோசனை மறந்துபோகிறது, அல்லது சொல்லத் தகுதியற்றதாகத் தோன்றிவிடுகிறது.

4. சங்கிலி (16 நிமிடம்). அட்டைகளைக் கலந்து 4 எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 4 நிமிடம். அட்டையை ஒருவர் படிக்க, அடுத்தடுத்தவர் “ஆமாம், அதோட…” என்று ஒரே ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். எழுதியவர் பெயர் வேண்டாம்.

இங்கேதான் பயிற்சி சறுக்கும். “ஆமாம், அதோட செலவைப் பற்றியும் யோசிக்கணும்” என்பது வேடம் போட்ட “ஆனால்”. அந்தக் கவலையைத் தனி அட்டையில் குறித்துவைக்கச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். சிரிக்கவைப்பதற்காகவே பேசுபவரும் சங்கிலியை அறுப்பார். “முந்தைய வாக்கியத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துத் தொடங்குங்கள்” என்ற விதியைச் சேர்த்தால் கவனம் திரும்பும். மேனேஜர் அறையில் இருந்தால் அவர் கடைசியாகவே பேசட்டும். அவர் முகம் சுளித்தாலே போதும், அடுத்த யோசனை வராது.

5. சலித்தெடுத்தல் (12 நிமிடம்). இப்போது “ஆனால்” திரும்பி வரலாம், வந்தே ஆக வேண்டும். ஏற்றுக்கொள்வது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது அல்ல. தீர்ப்பைத் தள்ளிவைப்பது மட்டுமே. கவலை அட்டைகளை விரித்துவைத்து, 4 சங்கிலிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு வாரத்துக்குள் செய்து பார்க்கக்கூடிய மிகச் சிறிய பகுதியை ஒருவர் பெயரிலும் ஒரு தேதியிலும் எழுதிய பிறகே கலையுங்கள்.