பாடியவர் யார் என்று கேளுங்கள்: உலகின் பழைய இசையைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூடியூபில் எதையோ தேடப்போய், கம்போடியாவின் 1960களின் ராக் பாட்டிலோ எத்தியோப்பிய ஜாஸிலோ மாட்டிக்கொண்டு, அன்றிலிருந்து பழைய உலக இசைமேல் பித்துப் பிடித்தவர்கள் நிறையப் பேர். நல்ல பித்துதான். ஆனால் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், பாடியவர் யார் என்று கேட்பதில்லை. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கின்றன.

'கம்போடியன் ராக்ஸ்' தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். கம்போடியாவுக்குப் போன ஒரு பயணி வாங்கிவந்த கேசட்டுகளிலிருந்து 22 பாடல்களைப் பொறுக்கி 1996இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். பாடகர் பெயர், பாட்டின் பெயர் எதுவுமே அதில் இல்லை. அந்தக் குரல்களுக்குச் சொந்தக்காரர்களோ சின் சிசமுத், ரோஸ் செரெய்சொத்தியா, பான் ரான் என்று கம்போடியாவில் வீட்டுக்கு வீடு தெரிந்தவர்கள். சிசமுத் அந்நாட்டு வானொலியின் செல்லக் குரல். பட்டாம்பாங்கிலிருந்து தலைநகருக்கு வந்த ரோஸுக்குப் 'பொற்குரல்' பட்டம் கொடுத்தவர் அன்றைய நாட்டுத் தலைவர் சிஹானுக். 1975இல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை தலைநகர் ப்னாம் பென்னைப் பிடித்தது. அதற்குப் பிறகு இந்த மூவரும் திரும்பி வரவில்லை. பெயர் தெரியாமல் கேட்டால் இதெல்லாம் வெறும் 'ஜாலியான பழைய பாட்டு'. ஆகவே ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அடுத்ததற்குத் தாவாமல் முதலில் பெயரைக் கண்டுபிடியுங்கள். ஆங்கில எழுத்தில் ஒரே பெயரைப் பல விதமாக எழுதுவார்கள். அந்த நாட்டு எழுத்திலேயே பெயரை நகலெடுத்துத் தேடினால் பத்து மடங்கு அதிகம் கிடைக்கும்.

அடுத்தது, கையில் கிடைத்த வடிவத்தையே மூலப்பதிவு என்று நம்பிவிடுவது. கெமர் ரூஜுக்குத் தப்பி வெளிநாடு போனவர்கள் மத்தியில் இந்தப் பாடல்கள் மறுபடி கேசட்டாகவும் சிடியாகவும் வந்தபோது, பலவற்றின் மேல் டிரம் மெஷினை ஏற்றிவிட்டார்கள், சிலவற்றை வேகமாகவும் ஓட்டினார்கள். இன்று இணையத்தில் சுற்றுவதில் நிறைய அந்த ரகம். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தாளம் கடிகாரம் மாதிரி துளிகூட அசையாமல், குரலைவிடச் சத்தமாக, வேறொரு அறையில் அடிப்பதுபோலக் கேட்டால் சந்தேகப்படுங்கள். பழைய இசைத்தட்டிலிருந்து நேரடியாக எடுத்த பதிவோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும்: அசல் டிரம்மர் பாடகியின் மூச்சுக்கு இடம்விட்டு வாசித்திருப்பார். கொஞ்சம் கீறல் சத்தம் இருந்தாலும் எனக்கு அதுதான் வேண்டும்.

தொகுத்தவரின் ரசனையை அந்த நாட்டின் ரசனை என்று எடுத்துக்கொள்வதும் சாதாரணமாக நடக்கிறது. வெளிநாட்டுத் தொகுப்பாளர்கள் கரகரக்கும் கிதார் உள்ள பாடல்களைத்தான் தேடி எடுப்பார்கள். சிசமுத்தை அவர் ஊர்க்காரர்கள் கொண்டாடியதோ பெரும்பாலும் மெதுவான காதல் பாடல்களுக்காக. எத்தியோப்பியாவிலும் இதே கதை. பழைய எத்தியோப்பிய இசையைத் தொகுத்து வெளியிடும் 'எத்தியோப்பிக்ஸ்' வரிசையின் நான்காம் தொகுப்பில் முலாட்டு அஸ்டாட்கேயின் வாத்திய இசை வந்தது. 2005இல் அவர் இசை ஒரு அமெரிக்கப் படத்திலும் ஒலிக்க, எத்தியோப்பிய இசை என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. அவர் பெரிய கலைஞர், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்த நாட்டு மக்கள் உயிராக நினைத்தது திலாஹுன் கெஸ்ஸெஸ்ஸே போன்ற பாடகர்களை. 2009இல் அவர் இறந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அப்படிப்பட்டவரை 'மறக்கப்பட்ட மேதை' என்று அட்டையில் போட்டால் எப்படி? ஒரு பாடகர் பிடித்துப்போனால், அவர் பாடிய மெதுவான பாடல்களையும் பொறுமையாகக் கேளுங்கள்.

இன்னும் பழைய 78 வேகத் தட்டுகளில் (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுபவை), பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடுவது ஒரு நஷ்டம். 1902இல் கல்கத்தாவில் பதிவுசெய்த பாடகி கௌஹர் ஜான், பாடி முடித்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். ஜெர்மனியின் ஹனோவரில் தட்டு அச்சிடுகிறவர்கள் அடையாளம் கண்டு லேபிள் ஒட்டுவதற்காக அந்த ஏற்பாடு.

அந்தத் தட்டுகள் கைக்கு வந்தால் ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைத்துவிடாதீர்கள். அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹாலில் அரக்கு கரையும். லேபிள் நனையாமல், ஒரு சொட்டு மென்சோப்பு கலந்த தண்ணீரால் துடைத்து உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். எல்பி ஊசியையும் வைக்கக் கூடாது. 78இன் பள்ளம் அகலமானது, மெல்லிய ஊசி அடியில் போய் உட்கார்ந்து இரைச்சலைத்தான் எடுக்கும்.

கடைசியாகக் காசு. பழைய பாட்டுதானே, உரிமை யாருக்கு இருக்கப்போகிறது என்று நினைத்து வாங்குகிறோம். 2014இல் சிசமுத்தின் குடும்பத்துக்கு அவருடைய 180க்கும் மேற்பட்ட பாடல்களின் காப்புரிமை கிடைத்தது. எனவே மறுபதிப்பு வாங்கும்போது பின்னட்டையைத் திருப்பி, உரிமம் யாரிடமிருந்து பெறப்பட்டது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லையென்றால் வெளியிட்டவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பதில் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.